தந்தை பெயர் வரை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பெயர்கள்

மலேசியத் தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. காஜாங்கிலோ கிள்ளானிலோ பிறக்கும் ஒரு குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் முதலில் அதன் சொந்தப் பெயர் வரும். ஆணானால் ‘அனாக் லெலாக்கி’, பெண்ணானால் ‘அனாக் பெரெம்புவான்’ என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் அடுத்து வரும். அதன்பின் தந்தையின் பெயர். அந்தப் பிள்ளை வளர்ந்து தந்தையானதும் பாட்டனின் பெயர் உதிர்ந்துபோய், இவருடைய பெயர் அடுத்த தலைமுறையின் பின்பாதியாகிறது. ஐசி எனப்படும் அடையாள அட்டையில் எந்த நேரத்திலும் இரண்டு தலைமுறைகள்தாம் இருக்கும். மூன்றாவது தலைமுறைக்கு அதில் இடமில்லை.

இந்த அமைப்பை ஆங்கிலேயரோ மலாய் நிர்வாகமோ புதிதாகக் கொண்டுவரவில்லை. தமிழரின் பெயர் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். சங்கத் தொகை நூல்களில் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்று ஒரு புலவர் குறிக்கப்படுகிறார். ஊர், தந்தை, மகன் என்ற உறவுச் சொல், சொந்தப் பெயர் என்று நான்கும் அதில் வரிசையாக நிற்கின்றன. ‘மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்’ என்ற பெயரில் தொழிலும் சேர்கிறது. ‘உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்’ என்பதில் ஊரோடு அதன் உட்பகுதியும் வருகிறது. இவற்றில் எதுவும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் குடும்பப் பெயர் அன்று. அந்த ஒரு மனிதரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டச் சேர்க்கப்பட்ட அடையாளங்கள். பெயர் தலைமுறை தாண்டிச் செல்லத் தமிழர் வேறொரு வழி வைத்திருந்தனர். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது அந்த வழி. பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். இவ்வழக்கம் உறுதியாக இருந்த குடும்பங்களில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். நகரத்தார் வீடுகளில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை வைப்பது இன்றும் நடக்கிறது.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியதற்கு ரப்பரே முதற்காரணம். காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் ரப்பர் நட்டனர். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் அது ஒன்று. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிந்தது. அதன்பின் கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குப் போய் உறவுக்காரரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கினர். அந்தத் துறைமுகம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். 1938இல் இந்திய அரசு இந்தத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது.

தோட்டங்களுக்குத் துரைமார் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை வைத்தனர். இன்ச் கென்னத் என்பது ஸ்காட்லாந்துக் கரையோரத்துத் தீவு. இன்றைய புத்ராஜெயா எழுந்திருக்கும் நிலத்தில் பெராங் பெசார், மேடிங்லி, செட்ஜ்லி, காலோவே என்ற தோட்டங்கள் இருந்தன. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் தொடங்கிய தோட்டம் என்பதால் பெராங் பெசாருக்கு அந்தப் பெயர்; மலாயில் அதற்குப் ‘பெரும்போர்’ என்று பொருள். அந்தத் தோட்டங்களின் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களின் பெயர்களில் இருந்ததோ தமிழ்நாட்டின் கிராம தெய்வங்கள்.

அந்தப் பெயர்களை வைத்தே ஒரு நிலப்படம் வரைந்துவிடலாம். ஏழுமலை, கோவிந்தசாமி, பெருமாள், பச்சையம்மாள், அங்கம்மாள் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் நினைவுக்கு வரும். ஏழுமலை திருப்பதி, பச்சையம்மனும் அங்காளம்மனும் வட மாவட்டங்களில் செல்வாக்குப் பெற்ற தெய்வங்கள். அண்ணாமலையும் அருணாசலமும் திருவண்ணாமலைக்குரியவை. ரெங்கசாமிக்குத் திருவரங்கம், வைத்திலிங்கத்துக்கு வைத்தீசுவரன் கோயில், நடராசனுக்குச் சிதம்பரம், அழகருக்கும் ராக்காயிக்கும் மதுரைக்கு வடக்கே உள்ள அழகர்மலை. செல்லாண்டியம்மன் பெயரால் வந்த செல்லாண்டி கொங்குப் பக்கத்துக்காரர். சுடலை, இசக்கி, பேச்சி என்றால் திருநெல்வேலிச் சீமை. முனியாண்டி, கருப்பையா, வீரன், மாரியம்மாள், காளியம்மாள் ஆகியவை ஒரு வட்டாரத்தோடு நிற்காதவை; காவல் தெய்வமும் அம்மனும் இல்லாத தமிழ் ஊர் இல்லை. தோட்டத்து எல்லையில் முனீசுவரருக்கும் நடுவில் மாரியம்மனுக்கும் கோயில் எழுந்ததும், பெயர்ப்பதிவேட்டில் முனியாண்டிகளும் மாரியம்மாள்களும் நிறைந்திருந்ததும் ஒரே நம்பிக்கையின் இரு வடிவங்கள். இந்த நிலப்படத்தை ஆதாரமாகக் கொள்ள முடியாது, குறிப்பாக மட்டுமே கொள்ளலாம். பழனிக்கும் திருப்பதிக்கும் எல்லா மாவட்டத்தாரும் நேர்ந்துகொண்டார்கள். பழனியம்மாள் எங்கும் பிறக்கலாம்.

தெய்வப் பெயர்களுக்கு அடுத்தபடியாக, பிள்ளை பிறந்த சூழ்நிலையைச் சொல்லும் பெயர்கள். முன்பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயரிட்டார்கள். மூக்குக் குத்தினால் பிள்ளை நிலைக்கும் என்று நம்பி மூக்கன், மூக்காயி, மூக்கையா என்றார்கள். பிறர் வீட்டில் பிச்சை கேட்டு வாங்கியதுபோலச் சடங்கு செய்து பிச்சை, பிச்சையம்மாள் என்று வைத்தார்கள். எமனுக்கு வேண்டாத பொருளாகக் குழந்தையைக் காட்டிக் காப்பாற்றும் முயற்சி இது. இந்தப் பெயர்களைப் பின்னாளில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கேலி செய்ததுண்டு. கேலிக்கு இடமே இல்லை. மலேரியாவும் பேதியும் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்தில், ஒரு தாய் தன் பிள்ளைக்குத் தரக்கூடிய காவலாக அந்தப் பெயரே இருந்தது. போதும்பொண்ணு போன்ற பெயர்களின் கதை வேறு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலை ஒரு பெண் வாழ்நாள் முழுக்கத் தன் பெயராகச் சுமந்தாள்.

விடிவதற்கு முன் தோட்டத்தில் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஒரே தோட்டத்தில் நாலைந்து ராமசாமிகள் இருந்தால் பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி, நெட்டை ராமசாமி என்று பிரித்தாக வேண்டும். ஏட்டில் தந்தை பெயர் பிரித்துக் காட்டியது; லயத்தில் பட்டப்பெயர் பிரித்துக் காட்டியது. பட்டப்பெயரே நிலைத்துவிட்டவர்களின் உண்மையான பெயர் சாவுச் சடங்கின்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

அந்தக் கிராணிகளில் கணிசமானோர் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும். கூலியாக வந்தவருக்குப் பெரும்பாலும் எழுதத் தெரியாது. அவர் வாயால் சொன்னதைக் கிராணி தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிந்தார். இன்று மலேசிய இந்தியர் பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஒரு தனிச்சாயல் பெற்றிருப்பது இதனால்தான். பேச்சு வழக்கில் ‘லெச்சுமி’ என்று சொல்லப்பட்ட பெயர் ‘எல்-இ-டி-சி-எச்’ என்று ஏறி, பிறகு தமிழிலும் ‘லெட்சுமி’யாகவே நிலைத்தது. ராஜு, ராமு போன்றவற்றின் கடைசி உகரம் இரண்டு ‘ஓ’ ஆயிற்று. கருப்பையாவின் ‘ஐயா’ ‘ஐ-ஏ-எச்’ ஆயிற்று. சந்திரன் பல இடங்களில் ‘சி’யில் தொடங்காமல் ‘எஸ்’ஸில் தொடங்கினார். தமிழில் ஒரே ‘க’ இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கும். ‘த’, ‘ப’, ‘ச’ ஆகியவையும் அப்படியே. ஒலியைப் பார்த்து எழுதுபவர் ஒரு விதமாகவும் எழுத்தைப் பார்த்து எழுதுபவர் இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள். தினகரன், தர்மலிங்கம், தேவகி என்ற பெயர்களை ‘டி’யில் தேடுவதா, ‘டி-எச்’சில் தேடுவதா என்ற கேள்வி பள்ளிப் பதிவேட்டைப் புரட்டும் எவருக்கும் வரும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் தந்தை பெயர் மூன்று விதமாக இருப்பதும் அரிதல்ல.

எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து மாறினால் என்ன என்று விட்டுவிட முடியவில்லை. 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் மலாயாவில் நெருக்கடிகாலம் தொடங்கியதையொட்டி அடையாள அட்டை வந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், ஐசியில் ஒரு விதம், திருமணப் பதிவில் இன்னொரு விதம் என்று பெயர் இருந்தால் அது ஒரே ஆள்தானா என்று நிரூபிக்கும் சுமை அந்த ஏழையின் தலையில் விழுந்தது. ஆவணச் சிக்கலில் மாட்டிய இந்தியர்களுக்காக 2011இல் நாடு முழுவதும் ‘மைடாஃப்தார்’ பதிவு இயக்கம் நடத்த வேண்டிவந்ததற்கு வறுமையும் அறியாமையும் காரணம் என்பார்கள். பெயரைக் காதால் கேட்டு எழுதிய அந்தப் பழைய ஏடுகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆங்கில ஆவணங்களில் இருந்த ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்ற சுருக்கங்கள், 1967 தேசிய மொழிச் சட்டத்துக்குப் பின் நிர்வாகம் மலாய்க்கு மாறியபோது மலாய்ச் சுருக்கங்களாயின. சிங்கப்பூரில் ஆங்கிலச் சுருக்கமே நீடித்தது. ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பிகளின் பேரப்பிள்ளைகள் எந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் என்பதை இன்று பெயரின் நடுவில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துகள் காட்டிவிடும்.

தோட்டத்துக்கு வெளியே நகரத்தில் வேறு பெயர்கள் புழங்கின. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் ஓடத் தொடங்கிய ரயில், யாழ்ப்பாணத்திலிருந்து படித்த இளைஞர்களை அழைத்து வந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அவர்களின் பேட்டையாயிற்று. கந்தையா, தம்பையா, இளையதம்பி, நல்லதம்பி, செல்லத்துரை, சபாரத்தினம், கனகசபை என்ற பெயர்கள் அவர்களோடு வந்தவை. ‘தம்பி’, ‘துரை’, ‘இரத்தினம்’ என்ற ஈறுகள் யாழ்ப்பாணப் பெயரை உடனே காட்டிக்கொடுக்கும். கந்தனின் பெயர் அங்கே மிகுதி. ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. 1938இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து நாட்டின் பெருஞ்செல்வர்களில் ஒருவரான ஆனந்த கிருஷ்ணனின் முழுப்பெயர் தத்பரானந்தம் ஆனந்த கிருஷ்ணன். முற்பகுதி தந்தை பெயர். உலகப் பத்திரிகைகள் பின்பகுதியைக் குடும்பப் பெயராக எண்ணி ‘கிருஷ்ணன்’ என்று மட்டும் எழுதிவந்தன. உண்மையில் அது அவருடைய சொந்தப் பெயரின் பாதி.

கோலாலம்பூரின் அம்பாங் வீதியில் கடை வைத்திருந்த நகரத்தாரான செட்டியார்கள் பெயருக்கு முன் விலாசம் போட்டுக்கொண்டனர். மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகள் தொடராக வரும். அந்தத் தொடரே கடையின் பெயராகவும் வழங்கும். மலாயாத் தமிழரில் தலைமுறைக் கணக்கைப் பெயருக்குள் காப்பாற்றிக்கொண்டவர்கள் இவர்கள்தாம். பத்திரமும் கணக்கும் நம்பகமும் தொழிலுக்கு முதலாக இருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. பால்மரம் சீவியவருக்கு அந்தத் தேவையும் இல்லை, வசதியும் இல்லை.

தமிழ் முஸ்லிம்களின் பெயர்களில் நாகூர் தெரியும். சாகுல் ஹமீது என்பது நாகூர் ஆண்டவரின் பெயர்; நாகூர் மீரா, நாகூர் கனி என்று ஊரோடு சேர்ந்த பெயர்களும் உண்டு. முஹ்யித்தீன் தமிழ் நாக்கில் மைதீனாகி, மலேசியாவில் ஒரு பேரங்காடியின் பெயராக எல்லா இனத்தார் வாயிலும் புழங்குகிறது. கத்தோலிக்கர் பெயர்கள் தனி ஆய்வுக்குரியவை. சவரிமுத்துவிலும் சவரியம்மாளிலும் இருப்பவர் புனித சேவியர். சூசை யோசேப்பு, ராயப்பன் பேதுரு, சின்னப்பன் பவுல், அருளப்பன் யோவான். வேதாகமப் பெயர்களைத் தமிழ் ஒலிக்குள் கரைத்த அந்தப் பழைய மிஷன் காலத்து வேலை இன்றும் வியக்க வைக்கிறது. கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் லூர்துசாமியும் லூர்துமேரியும் இயல்பான பெயர்கள். தெலுங்கர், மலையாளிகள் பெயர்களும் அப்பளசாமி, சிம்மாசலம், குட்டி, நாயர் என்று இந்தப் பட்டியலில் கலந்திருக்கின்றன.

சாதிப் பட்டம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1873இல் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளை காலத்தில் பிள்ளை, முதலியார், நாயுடு, தேவர் என்பன பெயரின் பிரியாத பகுதிகள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1954இல் மீண்டும் வந்தார். சீர்திருத்தச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் அந்தக் கருத்தை லயங்கள் வரை கொண்டுபோயினர். பட்டம் உதிர்ந்தது, தந்தை பெயர் மட்டும் நின்றது. பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஆனது மலேசியத் தமிழருக்குக் கிடைத்த பெரும் நன்மை. சாதி முற்றாகப் போய்விடவில்லை. திருமணப் பேச்சில் அது திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் வகுப்பறையிலும் வேலையிடத்திலும் பெயர் அதைச் சொல்வதில்லை.

அதே காலத்தில் வந்த இன்னொரு மாற்றம் தனித்தமிழ்ப் பெயர்கள். சுவாமி வேதாசலம் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலை அடிகளானார். அந்த வழியில், தோட்டப் பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறை தன் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வன், இளங்கோ, மணிமாறன், கலைச்செல்வி, பூங்கொடி, அன்பரசி என்று பெயர் வைத்தது. முனியாண்டியின் மகன் இளங்கோ என்றால், அந்த ஒரு வரியில் தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் அரை நூற்றாண்டு நடந்த மாற்றம் அடங்கியிருக்கிறது.

மலேசியத் தமிழரிடம் இல்லாத குடும்பப் பெயர் என்பது பிற இடங்களில் பெரும்பாலும் அரசும் நிலமும் உண்டாக்கியது. போலந்தில் தார்னோவ் ஊரின் பிரபு தார்னோவ்ஸ்கி ஆனார். கொல்லன் வீட்டார் கொவால்ஸ்கி ஆயினர். ஊருக்குப் புதிதாக வந்தவர் நோவாக் ஆனார். பிறகு அவை பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் இறங்கி நிலைத்தன. அங்கே அண்ணன் கொவால்ஸ்கி என்றால் தங்கை கொவால்ஸ்கா. ஆண்பால் பெண்பால் ஈறு மாறினாலும் பெயர் ஒன்றே. சயாம் 1913இலும் துருக்கி 1934இலும் சட்டம் போட்டே குடிமக்களுக்குக் குடும்பப் பெயர் சூட்டின. தமிழரே போன இடத்தில் அப்படி ஆனதுண்டு. 1860இல் தொடங்கி நேட்டாலுக்குப் போனவர்களின் கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. படையாச்சி ‘படையாச்சி’யாகவே உறைந்தது. மொரீசியசில் முதலில் கரையிறங்கிய பாட்டனின் ராமசாமியோ வீராசாமியோ ஐந்தாறு தலைமுறைக்கும் குடும்பப் பெயராகிவிட்டது.

மலாயாவில் அப்படி நடக்காததற்குக் காரணங்கள் தெளிவானவை. கடல் பயணம் சில நாட்களே என்பதால் மக்கள் போய்வந்து கொண்டிருந்தார்கள். ஊர் வழக்கம் அறுபடவில்லை. மலாய்க்காரர்களும் ‘பின்’, ‘பிந்தி’ என்று தந்தை பெயரையே சேர்த்து வந்ததால், தமிழர் முறை நிர்வாகத்துக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. பெண்ணுக்கும் இதனால் ஒரு நன்மை விளைந்தது. மணமானாலும் ஐசியில் அவள் தன் தந்தையின் மகளாகவே இருக்கிறாள்; கணவன் பெயருக்கு மாற வேண்டியதில்லை.

இந்த முறையால் ஓர் இழப்பும் நேர்ந்தது. மலேசியத் தமிழரின் பெயர் வரலாற்றில் அதுதான் மிகப் பெரியது. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தில் ஊரும் வரும், தந்தையும் வருவார். கப்பலேறி வந்தவரின் பெயரில் ஊர் எழுத்துக்கு இடம் தரப்படவில்லை. தோட்டத்து ஏட்டுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வந்தவர் இறந்ததும் ஊர்ப் பெயரும், அடுத்த தலைமுறையோடு அவர் பெயரும் மறைந்தன. மொரீசியஸ் தமிழருக்குத் தமிழ் மொழி கைநழுவினாலும் முதல் பாட்டனின் பெயர் தெரியும். மலேசியத் தமிழர் தமிழைக் காத்தார்கள், தமிழ்ப் பள்ளிகளைக் காத்தார்கள். பாட்டனின் ஊரைக் கேட்டால் பலருக்குத் ‘திருச்சிப் பக்கம்’, ‘சேலம் பக்கம்’ என்பதற்கு மேல் சொல்ல இல்லை. குலதெய்வத்தின் பெயரும், வீட்டில் வழிவழியாக வைக்கப்பட்ட பெயர்களும், கங்காணியின் ஊரும், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குறுக்கிக் கொடுக்கக்கூடிய தடயங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைக்கும் வேலை அவசரமானது.

தலைப்பெழுத்தும் பெயரை மறைத்ததுண்டு. பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ‘வீ. தி.’ என்ற தலைப்பெழுத்துகளில் ‘வீ’ தந்தை வீராசாமி. ‘தி’ இன்னொரு மூதாதையின் பெயரன்று. அவருக்கு இட்ட பெயர் திருஞானசம்பந்தன். அதன் முதற்பாதிதான் ஆங்கில முறைக்கேற்பத் தலைப்பெழுத்தாகச் சுருங்கியது. தேவாரம் பாடிய சம்பந்தரின் பெயரைத் தாங்கியவர் என்பது பெயர்ப்பலகையைப் பார்க்கும் பலருக்குத் தெரியாமல் போனதற்கு அந்தப் பிரிப்பே காரணம்.

இன்றைய பெயர்கள் வேறு திசையில் போகின்றன. நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து, எண்கணிதக் கூட்டல், கேட்டிராத ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்து கவினாஷ், தர்ஷினி, லோஷினி, ஷர்வின் போன்ற பெயர்களைத் தருகின்றன. ஷ, ஜ, ஹ இல்லாத பெயர் குறைந்துவருகிறது. எண் கூட்டல் சரியாக வர ஓரெழுத்தை இரட்டிப்பதும், ‘எச்’ ஒன்றைச் செருகுவதும் வழக்கம். அன்று கிராணி அறியாமல் செய்த மாற்றத்தை இன்று பெற்றோர் சோதிடரைக் கேட்டுச் செய்கிறார்கள். பொருள் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. கருப்பையாவுக்கும் குப்பம்மாளுக்கும் தங்கள் பெயரின் பொருள் தெரிந்திருந்தது.

வெளிநாட்டில் குடியேறியவர்களிடம் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. மலேசியத் தமிழர் அந்தக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதுகிறார். அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் அதே பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகிவிடுகிறது. காஜாங் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு முனியாண்டியின் பெயர், மகனோடு உதிர்ந்திருக்க வேண்டியது, மெல்பர்னில் பேத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறைக்கும் போகத் தொடங்கியிருக்கிறது.